மூன்றாம் மாடிக்கு ஏறும் காலடி

ஏப்ரல் 9, புதன்

இன்றைக்கு முழுக்க ஒருத்தன் நடந்துகொண்டே இருந்தான். பனிமலை தேசம் ஒன்றின் சீரியல், பத்துப் பகுதி. நாயகனுக்குப் பேச்சு குறைவு, நடை அதிகம். அவனுடைய ஆட்டுமந்தை பனியில் செத்துவிட்டது, பெண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், அவன் மலை ஏறுகிறான், இறங்குகிறான், திரும்ப ஏறுகிறான். இயக்குநருக்கு வேறு யோசனை ஓடவில்லை போலிருக்கிறது.

நான் எழுதுவது வசனம் அல்ல. காது கேளாதவர்கள் பார்ப்பதற்காக, படத்தில் வரும் ஓசைகளைத் திரையின் அடியில் எழுத்தாகப் போடுகிறேன். கதவு கிறீச்சிடுகிறது, மழை வலுக்கிறது, பக்கத்து அறையில் யாரோ இருமுகிறார்கள். இதெல்லாம் நான் கேட்டு எழுதினால்தான் அவர்களுக்கு உண்டு. வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம். காதுதான் மூலதனம்.

ஆங்கிலக் கோப்பில் இவன் நடக்கிற இடமெல்லாம் ஒரே வினைச்சொல் போட்டிருக்கிறார்கள்: ட்ரட்ஜ். அகராதியைப் பார்த்தேன். களைப்பாலோ மனமில்லாமலோ, கால் கனக்க, மெதுவாக, சிரமப்பட்டு நடப்பது. ஒரு சொல்லுக்குள் இத்தனை சாமானை அடைத்து வைத்திருக்கிறார்கள். தமிழில் அதை இரண்டு மூன்று வார்த்தைக்குள், பார்க்கிறவர் சட்டென்று படித்து முடிக்கிற மாதிரி தரவேண்டும். இப்போதைக்கு ‘கனத்த காலடிகள்’ என்று போட்டு அனுப்பினேன். மனசுக்கு ஒட்டவில்லை.

மாவு அரைத்தேன். மத்தியானம் கரண்ட் போய்விட்டது.

சாயங்காலம் ஒரு சின்ன வேடிக்கை. இவர் தெருக்கேட்டைத் தள்ளும்போதே எனக்குத் தெரிந்துவிடும். படியேறி வருவதற்குள் கதவைத் திறந்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் மணியடித்து நான் திறந்ததில்லை. இன்று படியில் வந்தது அவர் கால் போலவே இல்லை. யாரோ வேறு ஆள் என்று உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. திறந்தால் இவர்.

“யாரோன்னு நெனச்சேன்” என்றேன்.

“யாரோதான்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பொற்கொடியிடமிருந்து காலையிலேயே செய்தி. நான் எழுதுவதைச் சரிபார்ப்பவள் அவள். பாளையங்கோட்டையில் இருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது, விரலில் வாய் இருக்கிறது.

“எக்கா, ‘கனத்த காலடிகள்’னு போட்டிருக்கிய. ஆளு ஒணக்கக் குச்சி மாதிரில்லா இருக்கான். எங்கருந்து கனம் வந்துச்சி?”

“மனசுல கனம்மா” என்று அனுப்பினேன்.

“அது அவன் மூஞ்சியிலயே எனக்குத் தெரியுதே. ஒங்க காதுக்கு மட்டும் என்ன கேக்குன்னு சொல்லுங்க. அதுக்குத்தான நீங்க இருக்கிய.”

நியாயமான கேள்வி. ‘தளர்நடை’ என்று மாற்றினேன். உடனே பதில்: “அது எங்க அண்ணன் பிள்ளை நடக்குறதுக்கா. போன மாசந்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கான்.” ‘தள்ளாடும் காலடிகள்’ என்றேன். “குடிச்சிருக்கானா?” ‘கால் இழுத்து நடக்கும் ஓசை’ என்றேன். “செருப்பு பிஞ்சி போச்சாக்கா?”

கம்ப்யூட்டரை மூடிவிட்டு வெந்தயக்குழம்பு வைத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். இவருக்கு லீவு. குளித்துச் சாமி கும்பிட்டுச் சாப்பிட்டவர், இலையை எடுப்பதற்குள் கீழே தலையணைகூட இல்லாமல் தூங்கிவிட்டார். விளக்கு வைக்கும் நேரம்வரை எழவில்லை. இருபத்தாறு வருஷமாக ராயப்பேட்டை அச்சகத்தில் நின்றபடி மிஷின் ஓட்டியவர், சூப்பர்வைசரான பிறகும் உட்கார மாட்டார். ஆனால் பகலில் தூங்குகிற ஆள் இல்லை.

திருச்சியிலிருந்து மகள் நிறைமதி கூப்பிட்டாள். அவர் எழுந்ததும் போனைக் கொடுத்தேன்.

“பிரஸ்ல வேலை எப்படிப்பா?”

“சீசன்மா. பத்திரிகை அடிச்சி மாளல” என்றார். வைகாசி முகூர்த்தத்துக்கு எல்லாரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நேரம்தான். பொருத்தமான பதில்.

ஏப்ரல் 17, வியாழன்

துணி துவைத்தேன். மிஷினில் போடாமல் இவருடைய சட்டைகளை மட்டும் கையால் துவைப்பது வழக்கம். அச்சு மை லேசில் போகாது. அங்கே கை துடைக்க மண்ணெண்ணெய் வைத்திருப்பார்கள், அந்த வாசனை வேறு காலரில் ஏறியிருக்கும். கல்யாணமான புதிதில் குமட்டும். பிறகு அது எங்கள் வீட்டு வாசனையாகிவிட்டது.

இன்று எந்தச் சட்டையிலும் மை இல்லை. மண்ணெண்ணெய் வாசனையும் இல்லை. வியர்வை மட்டும், அதுவும் உப்புப் பூத்து வெள்ளைக் கோடாக. புது மிஷின் வாங்கியிருப்பார்கள். இப்போதெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்தானே.

இரண்டாம் பகுதி முடிந்தது. அவன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அச்சகத்துக்குப் போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது.

ஏப்ரல் 23, புதன்

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் இவர் ஏறி வருவது கேட்டது. இப்போது அந்த நடை எனக்குப் பழகிவிட்டது, அவர்தான் என்று தெரிகிறது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரமாக ஏறவில்லை. நான் சத்தமில்லாமல் கதவைத் திறந்து கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். போட்டிருந்த டீ-ஷர்ட் முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, பந்தாகச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தார். சட்டையைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணி அடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஓடியது என்று தெரியாது.

இனி மணி அடித்த பிறகே திறப்பது என்று வைத்துக்கொண்டேன். வேலையில் மூழ்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது, அதைக்கூட ஒரு மனுஷி தரமாட்டாளா?

கேட்கலாம்தான். நான் கேட்டால் அவர் பொய் சொல்லவேண்டி வரும். அதை நம்புகிற மாதிரி நான் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவராகச் சொல்லட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

தண்ணீர் கேன் போடும் டில்லிபாபு வந்தான். முப்பது வயசு, கட்டுமஸ்தான ஆள். அவன் ஏறி வருவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். தொழில் புத்தி. கேன் இடது தோளில் இருப்பதால் இடது கால் தொப்பென்று விழுகிறது, வலது கால் படியில் உரசிக்கொண்டு பின்னால் வருகிறது. வலது கை சுவரைத் தடவுகிற ஓசை. திருப்பத்தில் நிற்கிறான். மூச்சு. மறுபடி தொப், உரசல்.

“ஏம்ப்பா, நடுவுல நின்னு நின்னு வர்றியே?”

“நிக்காட்டி என்னாத்துக்கு ஆவுறதுக்கா? புச்சா வரவன்தான் ஒரே மூச்சுல ஏறுவான். ரெண்டு நாள்ல இடுப்பு புட்ச்சிக்கினு ஓடிப்பூடுவான்.” கேனைக் கவிழ்த்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தான். “இப்பல்லாம் இந்த வேலைக்கு யாருதான் வர்லன்றே? வயசானவங்கோகூட வராங்கோ. எங்க ஏஜென்சிக்கே ஒரு பெருசு வந்து கேட்டுச்சு. வேணாம் சார், முடியாதுன்னு அனுப்சிட்டோம்.”

“அப்புறம் எங்க போனாராம்?”

“வேற ஏரியால கேட்டிருப்பாரு.”

அவன் காலி கேனோடு தடதடவென்று இறங்கிப்போனான். நான் சமையலறையிலேயே நின்றேன். தொப், உரசல், திருப்பத்தில் ஒரு நிறுத்தம், சுவரில் கை. இருபது நாளாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நடை. ஒரே வித்தியாசம், இவர் வரும்போது தோளில் ஒன்றும் இருப்பதில்லை. பகலெல்லாம் சுமந்த உடம்புக்குச் சாயங்காலம் இறக்கி வைத்துவிட்டோம் என்பது தெரியவில்லை.

இவருக்கு இரண்டு வருஷம் முன்பு குடலிறக்க ஆபரேஷன் ஆனது. ஒரு பக்கெட் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சிலிண்டரைக்கூட நான்தான் உருட்டுகிறேன்.

மே 2, வெள்ளி

விருகம்பாக்கத்தில் தையற்கடைக்குப் போனேன். ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அந்த அம்மாள் கடை வைத்திருக்கிறாள். ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கப் படிக்கட்டில் அந்த ஓசை கேட்டது, ஏறிப் போய்க்கொண்டிருந்தது. தொப். உரசல். தொப்.

“கைய நல்லாத் தூக்குங்க” என்றாள் தையற்காரம்மா. நான் தூக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு முறை சொன்னாள்.

வாசலில் மூன்று சக்கர வண்டி. நீலக் கேன்கள். வண்டியின் கைப்பிடியில் நான் காலையில் சாம்பார் சாதம் கட்டிக்கொடுத்த பை தொங்கியது. மேலேயிருந்து யாரோ ஒரு பெண், “நாலாவது மாடிக்கு ரெண்டு கேன் சொன்னேனே, இன்னொண்ணு எங்க?” என்று கத்தினாள். “இதோ வர்றேங்க” என்றது இவர் குரல்.

அவர் இறங்கி வருவதற்குள் நான் பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்துவிட்டேன். அளவு சரியாக எடுத்தாளா தெரியவில்லை. வரும் வழியில் அழுதேன். வெயிலில் எல்லாருக்கும் முகம் நனைந்துதான் இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்துப் பார்த்தேன். “எனக்கு இன்னும் ரெண்டு சீரியல் தர்றேன்னு ஸ்டூடியோவுல சொல்லியிருக்காங்க. நீங்க வேணா கொஞ்ச நாள் லீவு போடுங்களேன். வெயில் இப்படி அடிக்குது.”

“பிரஸ்ல என்ன வெயில்? ஃபேனுக்கடியில வேலை” என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. தோள்பட்டையில் ஒரு பட்டையாகத் தோல் சிவந்து தடித்திருந்தது. வேர்க்குரு என்றார். வேர்க்குரு பவுடர் போட்டுவிட்டேன். வேர்க்குரு ஒரு தோளில் மட்டுமா வரும்? அதை யாரிடம் போய்க் கேட்பது.

அலமாரியின் அடியிலிருந்து ஆபரேஷனுக்குப் பிறகு வாங்கிய இடுப்பு பெல்ட்டைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயவைத்து, இன்று காலை அவர் பேன்ட்டின்மேல் வைத்தேன். அவர் பார்த்தார். நான் தோசைக்கல்லைப் பார்த்தேன். கட்டிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. அச்சகத்தை மூடினவன்மேல், நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கேன் கேட்கிறவள்மேல், லிஃப்ட் வைக்காமல் வீடு கட்டுகிறவர்கள்மேல். இவர்மேலும்தான். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றவள்மேலும்.

மே 9, வெள்ளி

பொற்கொடி விடவில்லை. ஏழாம் பகுதி. அவன் பனியில் விறகு சுமந்து வருகிறான். ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள், பத்துப் பகுதிக்கும் ஒரே மாதிரி சொல் வேண்டும், இனியும் தள்ளிப்போட முடியாது.

அந்த வினைச்சொல்லை எங்கெல்லாம் போடுவார்கள் என்று தேடிப் படித்தேன். கல்யாணத்துக்குப் போகிறவன் அப்படி நடக்கமாட்டான். பாரம் இருந்தாலும் சந்தோஷமாகப் போகிறவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது. சோம்பேறியாக ஊர் சுற்றுகிறவனுக்கும் பொருந்தாது. போய்ச்சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கவேண்டும், உடம்பு வேண்டாம் என்று சொல்லவேண்டும், இருந்தாலும் போகவேண்டும். சேற்றில் நடப்பவன், வேலை கிடைக்காமல் வீடு திரும்புபவன், தினமும் அதே வழியில் போய்வருபவன். இவர்களுக்குத்தான்.

இதைப் பொற்கொடிக்கு எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

“எக்கா, இவ்வளவு நாளும் அவன் காலைப் பத்தியே எழுதுனிய. இப்பதான் ஆளைப் பத்திச் சொல்லுதிய. எனக்கு இப்ப வெளங்கிட்டு. எங்கப்பா பீடிக் கம்பெனில இருந்து அப்படித்தான் வருவாவ. சத்தம் எனக்கு என்ன தெரியும்? வாசல்ல செருப்பைக் கழத்துறதப் பாத்தே தெரியும்.”

“அப்ப என்ன போடலாம்?”

“கால் கடுக்க வருதான்னு போடுங்க. எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்.” அடுத்து இன்னொன்று: “நீங்க யாரைப் பாத்து எழுதுனியக்கா?”

‘கால் கடுக்க ஏறி வரும் ஓசை’ என்று முடிவானது. எத்தனையோ வருஷமாக வாயில் இருக்கிற வார்த்தை. எனக்குத் தோன்றாமல் போயிற்று.

மே 13, செவ்வாய்

ஒன்பதாம் பகுதி முடிகிற கட்டம். காலையில் இவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார். “இன்னைக்குப் போகவேணாமே” என்றேன். “இன்னைக்கு ஒரு நாள்” என்றார். மோர் கட்டிக்கொடுத்தேன். ராத்திரிக்கு இட்லி.

மே 14, புதன்

ஆஸ்பத்திரி.

மே 16, வெள்ளி

வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பையில் இந்த டைரி இருந்தது. வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருக்கேட் சத்தம் கேட்டது. நான் ஒன்பதாம் பகுதியின் கடைசிக் காட்சியில் இருந்தேன். இவர் ஏறினார். முதல் மாடிவரை ரொம்ப மெதுவாக வந்தார். தொப் என்ற சத்தம் இல்லை, உரசல் மட்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார்.

சட்டை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

காட்சி முடிந்தது. திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன், ஏதோ ஒரு காற்றோசை விட்டுப்போயிருந்தது. அதை எழுதினேன். இன்னும் மணி அடிக்கவில்லை. இன்று வியர்வை அதிகம் போலிருக்கிறது, ஆறட்டும் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவுப் பக்கத்தில் நின்றேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இப்போது திறந்தால் பாதிச் சட்டையோடு நிற்பார், என்னைப் பார்த்தால் கூசிப்போவார் என்று கையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இட்லித் தட்டில் துணி விரித்தேன். மாவு ஊற்றினேன்.

இரண்டாவது மாடி ஜெயசீலி டீச்சர் குப்பை வைக்கக் கதவைத் திறந்தவர்தான் கத்தினார். “மரகதம்! மரகதம், ஓடியா! சார் விழுந்து கெடக்கார்!”

சுவரில் சாய்ந்து மடங்கிக் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது. இன்னொரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தார். கத்தக்கூடாது என்று உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? அந்தச் சட்டையை இழுத்து மூடப் பார்த்தார்.

குடல் பிதுங்கி இறுகிவிட்டதாம். அன்றிரவே ஆபரேஷன். ரத்த ஓட்டம் நின்றுபோனதால் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று இன்றுதான் சொன்னார்கள். “கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா வெட்டாமலே சரிபண்ணியிருக்கலாம்மா” என்றார் டாக்டர். “அவர் விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?”

தெரியாது என்றேன். தெரியும். நான் ஓசைகளுக்கு நேரம் குறிக்கிறவள்.

மே 19, திங்கள்

நிறைமதி வந்திருக்கிறாள். அப்பா கஞ்சி குடித்தார். வராந்தாவில் தாதி ஒருத்தி பிடித்துக்கொள்ள நாலு எட்டு நடந்தார். அவரும் நானும் பேசுவதெல்லாம் கஞ்சி, மாத்திரை, கொசு. “என்னம்மா, அப்பா தண்ணி கேன் போட்டாராமே, உனக்குத் தெரியாதா?” என்று நிறைமதி என்னைத் தனியே இழுத்துக் கேட்டாள். டீச்சர் சொல்லியிருப்பார், அவருக்கு டில்லிபாபு சொல்லியிருப்பான். தெரியாது என்றேன். வரவர இந்தச் சொல் எனக்கு நன்றாக வருகிறது.

பொற்கொடி பத்தாம் பகுதியை நானே போடுகிறேன் என்று எழுதியிருந்தாள். காது கேட்காதவள் எப்படிப் போடுவாள் என்று கேட்டேன். “அவன் கடைசில வீட்டுக்கு வந்து சேர்ந்துருதாங்கா. பாத்தாலே போதும்” என்றாள்.

மே 24, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆட்டோ தெருக்கேட் அருகே நின்றதும் டில்லிபாபு பிளாஸ்டிக் நாற்காலியோடு தயாராக இருந்தான். “பெர்சு, குந்து. நானும் வாட்ச்மேனும் தூக்கிக்கினு பூடறோம். கேனவிட நீ வெயிட்டா?” இவர் மாட்டேன் என்றுவிட்டார். படியேறலாம், மெதுவாக, நின்று நின்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிறைமதி பைகளை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் இவர் பக்கத்தில் வந்தேன்.

ஒரு படி, ஒரு மூச்சு. முதல் மாடி. அங்கே நிற்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும் நின்று, பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். தரையை யாரோ ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

“பிரஸ்ஸ மார்ச்சுலயே மூடிட்டாங்க” என்றார்.

“தெரியும்.”

திரும்பிப் பார்க்கவில்லை. “கேன் போட்டது?”

“தெரியும். விருகம்பாக்கத்துல உங்க குரலக் கேட்டேன். அதுக்கு முன்னாடியே தெரியும்.”

அவருக்குக் கோபம் வந்தது. அத்தனை பலவீனத்திலும் குரல் ஏறியது. “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீங்க சங்கடப்படுவீங்கன்னு. இங்க நின்னு சட்டை மாத்துறத ஒருநாள் பாத்தேன். அதுக்கப்புறம் உங்களுக்கு நேரம் வேணும்னுதான் நான் கதவத் திறக்காம இருந்தேன். மணி அடிக்கட்டும்னு.”

“அதுக்குத்தானா?”

“வேற எதுக்கு?”

“உனக்கு என்மேல வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன் மரகதம்.” சுவரைப் பார்த்தே பேசினார். “எத்தனை வருஷமா நான் கீழ வரும்போதே கதவு திறக்கும். திடீர்னு நின்னுபோச்சு. வேலையில்லாதவன்னு இவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருச்சு, அதான் எழுந்து வரலன்னு நெனச்சேன். சட்டை மாத்த எவ்வளவு நேரம் ஆகும் சொல்லு? ஒரு நிமிஷம். மாத்திட்டு இங்கதான் நிப்பேன். இன்னைக்கு அவளாக் கதவத் திறந்தா எல்லாத்தையும் சொல்லிரலாம், நாளைலேர்ந்து போகவேணாம்னு நிப்பேன். தினமும்.”

மேலே நிறைமதி எங்கள் வீட்டுச் சாவியைத் தேடிப் பையை உலுக்கிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். இந்தத் தடவை முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவர் கை என் முழங்காலின்மேல் வந்து உட்கார்ந்தது. தோல் தடித்து உரமேறிய கை.

“அன்னைக்கு விழுந்தப்போவும் கூப்பிடலியே” என்றேன்.

“உனக்குக் கேட்டிருக்கும்னு தெரியும்” என்றார்.

டீச்சர் வீட்டில் குக்கர் விசிலடித்தது.

“ஏந்திரிங்க” என்றேன். “இன்னும் ஒரு மாடி இருக்கு.”

கைப்பிடிச் சுவரை ஒரு கையாலும் என்னை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.